இரட்டை எண் வலக்கைப் பக்கம்: பாரிஸை நடந்து பழக

பாரிஸில் குடியேறுபவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது மெட்ரோ வரைபடத்தை. வேலைக்கு, வசிப்பு அனுமதிக்காகப் பிரெஃபெக்சர் அலுவலகத்துக்கு, அரிசி பருப்பு வாங்கத் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலுக்கு என்று எதற்கும் ஓரிடத்தில் பூமிக்கு அடியில் இறங்கி இன்னோரிடத்தில் மேலே ஏறிப் பழகிவிடுகிறது. இரண்டு வருடம் கழிந்தாலும் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. அது பெரிய நஷ்டம். இந்த ஊர் நடக்கிறவர்களுக்கென்றே தன் உடம்பெங்கும் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் தொலைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே எங்கும் போய் வரலாம்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பாரிஸ் நகரின் பரப்பு 105 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. அதில் கால் பங்குதான் இது, அதுவும் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள இரண்டு பெரிய காடுகளைச் சேர்த்து. வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லைக்கு ஒன்பதரை கிலோமீட்டர். நிதானமாக நடந்தாலும் இரண்டரை மணி நேரம். மெட்ரோ நிலையங்கள் பெரும்பாலும் அரை கிலோமீட்டருக்கு ஒன்றாக இருக்கின்றன. இரண்டு நிலையம் தள்ளிப் போவதற்குப் படியிறங்கி, காத்திருந்து, மறுபடி படியேறும் நேரத்தில் மேலே நடந்தே போய்விடலாம். நடுவில் தடம் மாற வேண்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். மோன்பார்னாஸ் நிலையத்தில் தடம் மாறும் சுரங்கப்பாதையில் 185 மீட்டருக்கு நகரும் நடைபாதையே போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அடியில் எவ்வளவு நடக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள்.

தொலைபேசி வரைபடத்தை மட்டும் நம்புவதில் இரண்டு சிக்கல். ஆறு மாடிக் கட்டடங்கள் இருபுறமும் நெருக்கி நிற்கும் குறுகிய தெருவில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறிக்கும். நீலப்புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். மெட்ரோவிலிருந்து வெளியே வந்ததும் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அதை நம்பி நடந்தால் பாதி நேரம் எதிர்த்திசையில்தான் போய்க்கொண்டிருப்போம். இரண்டாவது, கையில் நீட்டிப் பிடித்த தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இங்கே உண்டு. நிலைய வாசல்களிலும் சுற்றுலாத் தலங்களிலும் அது அன்றாடச் செய்தி. வெளியே வருவதற்கு முன் நிலையத்துக்குள்ளேயே சுவரில் மாட்டியிருக்கும் அக்கம்பக்க வரைபடத்தைப் பாருங்கள். எந்த எண்ணுள்ள வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று அதில் இருக்கும். சரியான வாசலில் ஏறுவதே பாதி வழி.

ஆறும் கதவு எண்ணும்

இந்த ஊரில் எல்லாக் கணக்கும் செய்ன் ஆற்றிலிருந்து தொடங்குகிறது. 1805இல் நெப்போலியன் காலத்தில் வந்த ஆணைப்படி வீட்டு எண்கள் ஒழுங்குபடுத்தப்பட்டன. விதி எளிது. ஆற்றுக்குக் குறுக்காகவோ சாய்வாகவோ போகும் தெருவில், ஆற்றுக்கு அருகில் உள்ள முனையில் எண் 1. ஆற்றை விட்டு விலக விலக எண் கூடும். ஆற்றுக்கு இணையாகப் போகும் தெருவில் தண்ணீர் ஓடும் திசையிலேயே எண்ணும் கூடும். இரண்டு வகையிலும் எண் கூடும் திசையைப் பார்த்து நின்றால் இரட்டைப்படை வலப்பக்கம், ஒற்றைப்படை இடப்பக்கம்.

இதை வைத்து என்ன செய்யலாம் என்பதில்தான் அழகு. வழி தெரியாமல் ஒரு முனையில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். நடந்து பார்க்கக்கூடத் தேவையில்லை. இரட்டை எண் வீடுகள் உங்கள் வலக்கைப் பக்கம் வரும்படி திரும்பி நில்லுங்கள். குறுக்குத் தெருவானால் ஆறு இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால். இணைத் தெருவானால் நீங்கள் ஆறு ஓடும் திசையைப் பார்க்கிறீர்கள். அதாவது ஊரின் நடுப்பகுதியில் ஏறக்குறைய மேற்கு.

இணைத் தெருக்களில் இன்னொரு தகவலும் கிடைக்கும். வலக்கரையில், அதாவது வடபகுதியில், ஒற்றை எண் வரிசைதான் ஆற்றுக்கு அருகில். ரூ த ரிவோலியில் ('ரூ' என்றால் தெரு) லூவ்ர் அருங்காட்சியகப் பக்கம் முழுக்க ஒற்றை எண். ஆறு அந்தப் பக்கம்தான். இடக்கரையில் இது தலைகீழ், இரட்டை வரிசை ஆற்றோரம். புல்வார் சேன் ஜெர்மேனில் ('புல்வார்' என்றால் அகலச் சாலை) கஃபே த ஃப்ளோரின் எண் 172. அது ஆறு இருக்கும் வடபுறம். எதிரே தென்புறத்தில் இருக்கும் ப்ராஸ்ஸரி லிப்பின் எண் 151.

அந்த இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள். நேர் எதிரே இருக்கும் கடைகளுக்கு நடுவே இருபது எண் வித்தியாசம். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒரு பக்கம் பெரிய கட்டடமோ தேவாலயமோ இருந்தால் அந்தப் பக்கத்து எண்கள் பின்தங்கிவிடும். 60ஆம் எண்ணுக்கு எதிரே 61 இருக்கும் என்று தெருவைக் கடந்து நிற்காதீர்கள். தேடும் எண் ஒற்றையா இரட்டையா என்று முதலில் பார்த்து அந்தப் பக்க நடைபாதைக்கு மாறிவிட்டு, அங்கேயே தொடர்ந்து போங்கள். 14க்கும் 16க்கும் நடுவே இன்னொரு வாசல் இருந்தால் அது '14 பிஸ்', அதற்கும் அடுத்தது '14 தெர்'. விலாசத்தில் பிஸ் என்று இருப்பதைக் கவனிக்காமல் 14ஆம் எண் வீட்டில் பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. 'ப்ளாஸ்' எனப்படும் சதுக்கங்களில் இந்த ஒற்றை இரட்டை விதி செல்லாது. எண் சதுக்கத்தைச் சுற்றி வரிசையாகப் போகலாம்.

யாரையாவது பார்க்க நடந்து போகிறீர்கள் என்றால் எண் மட்டும் போதாது. பெரும்பாலான வீடுகளின் தெருக்கதவு எண்பூட்டில் திறக்கும். அந்தக் குறியீட்டையும், உள்ளே எந்தக் கட்டடம், எந்தப் படிக்கட்டு, எத்தனையாவது மாடி என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வாசலுக்குப் பின்னால் முற்றம், முற்றத்துக்குப் பின்னால் இன்னொரு கட்டடம் என்று போகும்.

தெருப் பெயரையும் முழுதாகப் படிக்க வேண்டும். ரூ த வோஜிரார் வேறு, புல்வார் த வோஜிரார் வேறு. முதல் சொல்லை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க நேரும். எண் பழக்கம் கைவர ஒரு நல்ல பயிற்சியும் அந்த ரூ த வோஜிரார்தான். ஊரின் மிக நீளமான தெரு, 4.3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். புல்வார் சேன் மிஷேலில் 1இல் தொடங்கி போர்த் த வெர்சாயில் 400ஐத் தாண்டி முடிகிறது. ஒரு மணி நேரத்தில் நேரே நடந்து முடிக்கலாம். தொடக்கத்தில் மாணவர் கூட்டம், பிறகு செனட் மாளிகை, அப்புறம் மருந்துக்கடையும் ரொட்டிக்கடையும் நிறைந்த சாதாரணக் குடியிருப்பு. ஒரே தெருவில் மூன்று நான்கு ஊர் மாறுவதைப் பார்க்கலாம்.

நத்தையும் மதில்களும்

தெரு முனைகளில் நீலத் தகட்டில் வெள்ளை எழுத்து, சுற்றிலும் பச்சை விளிம்பு. புதுச்சேரியில் ரூ துமா போன்ற தெருக்களில் நீலப் பலகையைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம். பாரிஸ் பலகையின் தலையில் சின்ன வளைவாக ஒரு எண் இருக்கும். அது வட்டார எண். ஊர் 20 வட்டாரங்களாக, நடுவிலிருந்து நத்தை ஓடு போலக் கடிகாரச் சுற்றில் சுருண்டு போகிறது. 1860 முதல் இந்த வரிசைதான். 1 முதல் 4 வரை வலக்கரை, 5 முதல் 7 வரை இடக்கரை, 8 முதல் 12 வரை மறுபடி வலக்கரை, 13 முதல் 15 வரை இடக்கரை, 16 முதல் 20 வரை வலக்கரை. இதை ஒருமுறை உருப்போட்டால் போதும். பலகையில் 14 என்று பார்த்தவுடன் ஆற்றுக்குத் தெற்கே, ஊரின் வெளிச்சுற்றில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கமும் இதே எண்தான்: 75010 என்றால் பத்தாவது வட்டாரம்.

ஆறும் நத்தையும் போக மூன்றாவது அடையாளம், மதில்கள். இன்று மதில் இல்லை, தடம் இருக்கிறது. 1670இல் பதினான்காம் லூயி வலக்கரையின் பழைய மதிலை இடித்து மரங்கள் நட்ட அகலச் சாலையாக்கச் சொன்னார். இன்று க்ரான் புல்வார் எனப்படும் சாலைகள் அவை. அதுதான் உள் வளையம். 1780களில் வரி வசூலிப்பதற்காகக் கட்டிய அடுத்த மதிலின் தடத்தில் மெட்ரோ 2ஆம் தடமும் 6ஆம் தடமும் சேர்ந்து ஒரு வட்டம் அடிக்கின்றன. இவை பல இடங்களில் இரும்புத் தூண்களின் மேல் தெருவுக்கு மேலே ஓடுவதால் தூரத்திலிருந்தே தெரியும். தலைக்கு மேல் ரயில் போகிறது என்றால் ஏறக்குறைய நடு வளையத்தில் நிற்கிறீர்கள். 1840களில் கட்டிய கோட்டை மதிலின் தடம் வெளி வளையம். நெப்போலியனின் தளபதிகள் பெயர் தாங்கிய அந்தச் சாலைகளில் இப்போது டி3 ட்ராம் ஓடுகிறது. அதற்கும் வெளியே 35 கிலோமீட்டர் சுற்றுச்சாலையான பெரிஃபெரிக், 1973இல் முடிந்தது. 'போர்த்' என்று தொடங்கும் நிலையப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த வெளி மதிலின் வாசல்கள். அங்கே இறங்கினால் ஊர் எல்லையில் இருக்கிறீர்கள்.

கவனிக்க வேண்டிய ஒரு பொறி உண்டு. 1853க்கும் 1870க்கும் நடுவே ஊரை ஆண்ட அரசு அதிகாரி ஓஸ்மான் வெட்டிய பெருஞ்சாலைகள் பழைய தெருக்களைச் சாய்வாகக் கிழித்துக்கொண்டு போகின்றன. சென்னை அண்ணா நகர் மாதிரி கட்டம் கட்டமான ஊர் இல்லை இது. ஒரு சந்திப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிளம்பும் இரண்டு சாலைகள் பத்து நிமிடத்தில் அரை கிலோமீட்டர் பிரிந்துவிடும். 'அடுத்த தெருவில் போய்த் திரும்பி வந்துவிடலாம்' என்ற கணக்கு இங்கே பலிக்காது. எத்துவால் சதுக்கத்தில் 12 சாலைகள் சேர்கின்றன. நடுவில் உள்ள வெற்றி வளைவுக்குப் போக ஷான்ஸ் எலிசே நடைபாதையிலிருந்து சுரங்கவழி இருக்கிறது. வண்டிகள் சுழலும் வட்டத்தை மேலே கடக்கவே கூடாது. வளைவுக்குப் போகாமல் மறுபக்கம் போக வேண்டுமானால் ஒரு கட்டட வரிசை பின்னால், ரூ த ப்ரெஸ்பூர், ரூ த தில்சித் என்ற இரண்டு தெருக்கள் சதுக்கத்தைச் சுற்றி வளையமாகப் போகின்றன. கூட்டமும் குறைவு, கடப்பதும் எளிது.

சாலை, தண்ணீர், கழிப்பறை, வெளிச்சம்

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், லண்டன் எங்கிருந்து வந்தாலும் நம் கழுத்து முதலில் வலப்பக்கம் திரும்பும். இங்கே வண்டி இடமிருந்து வரும். இது பழக மாதங்கள் ஆகும்; அதுவரை நடைபாதை விளிம்பில் ஒரு கணம் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். பழகிய பிறகும் சைக்கிள் பாதையில் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். ஒருவழிச் சாலையிலும் சைக்கிள்கள் எதிர்த்திசையில் வர அனுமதி உண்டு. ரூ த ரிவோலி, புல்வார் செபாஸ்தோபோல் போன்றவற்றில் இருவழி சைக்கிள் தடம் இருக்கிறது. சத்தமில்லாமல் வரும், வேகமாக வரும். நகரம் முழுவதும் பெரும்பாலான தெருக்களில் வண்டிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர், 2021 ஆகஸ்ட் முதல். சட்டப்படி, 50 மீட்டருக்குள் கடவைக்கோடு இருந்தால் அதில்தான் கடக்க வேண்டும். மீறினால் அபராதம் 4 யூரோதான் என்றாலும், விபத்துக்கு அந்தத் தொகை ஈடாகாது.

தண்ணீர் வாங்கவே வேண்டாம். ஊரெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுக் குடிநீர்க் குழாய்கள் உண்டு. அவற்றில் மிக அழகானவை கரும்பச்சை வார்ப்பிரும்பில் நான்கு பெண் உருவங்கள் கூரையைத் தாங்கி நிற்கும் வாலஸ் நீரூற்றுகள். முற்றுகையிலும் உள்நாட்டுக் கலகத்திலும் ஊர் சிதைந்துபோன பிறகு, ஏழைகளும் நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் 1872இல் கொடுத்தவை. நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தல் என்ன நினைத்து வைக்கப்படுகிறதோ அதே நினைப்பு. நடுவில் மெல்லிய தாரையாக விழும். பெண் உருவங்களுக்கு நடுவே கையை நுழைத்து பாட்டிலைப் பிடிக்க வேண்டும். அகலமான பெரிய பாட்டில் சரிவராது, அரை லிட்டர் பாட்டில் நல்லது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை உறைபனிக்குப் பயந்து மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். குழாயருகே 'நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் அது குடிக்க அல்ல.

நடைபாதையில் சாம்பல் நிறக் கூண்டுகளாக நிற்கும் பொதுக் கழிப்பறைகள் நானூறுக்கும் மேல். 2006 முதல் இலவசம். பழைய வகைக் கூண்டில் ஒரு முறை இருக்கிறது: முன்னவர் வெளியே வந்ததும் மரியாதைக்காக அவர் கதவைப் பிடித்துக்கொண்டாலும் உள்ளே போகாதீர்கள். கதவு மூடி, உள்ளே தானாகக் கழுவி முடிந்து, பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு நிமிடம் காத்திராமல் நுழைந்தால் கழுவாத அறைதான் கிடைக்கும். பல கூண்டுகள் இரவு பத்து மணியோடு பூட்டிக்கொள்ளும். குழந்தையோடு, வயதான அப்பா அம்மாவோடு நடக்கிறவர்கள் பூங்காவைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பூங்காக்களைக் குறுக்குவழியாக நம்பும்போது நேரத்தையும் பாருங்கள். லுக்சம்பூர் தோட்டத்தின் மூடும் நேரம் சூரிய அஸ்தமனத்தோடு மாறும். மூடுவதற்கு முன் காவலர்கள் ஊதல் ஊதிக்கொண்டு எல்லோரையும் வாசல் பக்கம் நகர்த்துவார்கள். நீங்கள் நினைத்த எதிர்வாசல் அதற்குள் பூட்டியிருக்கலாம். ஜூன் கடைசியில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும், காலையில் எட்டரைக்கு மேல்தான் விடியும். ஆகையால் புதிய பகுதியைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் பதினொரு மணிக்குக் கிளம்பி நான்குக்குள் முடிப்பதாகத் திட்டமிடுங்கள்.

தோட்டப் பாதைகள் வெளிர் மணல். வெயிலில் செருப்பெல்லாம் வெள்ளைத் தூசி, மழையில் சேறு. தெருக்களில் கருங்கல் பாவிய தளம் ஈரத்தில் வழுக்கும். தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள மூடிய காலணி போதும். மலையேறும் பூட்ஸ் தேவையில்லை. மழை இங்கே கொட்டுவது குறைவு, தூறிக்கொண்டே இருப்பது அதிகம். குடையைவிடத் தொப்பி வைத்த மேலங்கி உதவும். தூறல் வலுத்தால் கண்ணாடிக் கூரை போட்ட, 'பாசாஜ்' எனப்படும் பழைய கடைப்பாதைகளுக்குள் புகுந்துகொள்ளலாம். பானோரமா, ஜுஃப்ருவா, வெர்தோ என்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருக்கின்றன. நடுவில் இரண்டு தெருக்களைக் கடக்கும்போது மட்டும்தான் நனைவோம்.

ஆற்றோர நடை பற்றி ஒரு எச்சரிக்கை. வண்டிகளை விலக்கி நடப்பவர்களுக்கே விட்டுவிட்ட கீழ்க்கரைச் சாலைகள் ஊரின் மிக நல்ல நடைப்பாதை. இடக்கரையில் 2013இலும் வலக்கரையில் அதற்கு மூன்று நான்கு வருடம் கழித்தும் வந்தவை. ஆனால் தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவதும் இவைதான். குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் கிளம்புமுன் பாலத்திலிருந்து கீழே எட்டிப் பாருங்கள். படிக்கட்டில் தடுப்பு வைத்திருந்தால் அதைத் தாண்டி இறங்க வேண்டாம். சகதி படிந்த கல் கால் வைத்தவுடன் வழுக்கும். 1910 ஜனவரி வெள்ளத்தில் ஆஸ்தர்லிட்ஸ் பாலத்து அளவுகோலில் தண்ணீர் 8.62 மீட்டர் ஏறியது. அல்மா பாலத்தில் நிற்கும் சூவாவ் சிப்பாய் சிலைக்கு அன்று தோள் வரை தண்ணீர். இன்றும் ஊர்க்காரர்கள் அந்தச் சிலையின் காலைப் பார்த்துத்தான் வெள்ளத்தைப் பேசுகிறார்கள்.

திசைகாட்டி காலடியிலும் இருக்கிறது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கல வில்லைகள், நடுவில் 'அராகோ' என்ற பெயர், வடக்குக்கும் தெற்குக்கும் ஒவ்வோர் எழுத்து. பாரிஸ் தீர்க்கரேகையை அளந்த வானியலாளர் ஃபிரான்சுவா அராகோவின் நினைவாக டச்சுக் கலைஞர் யான் டிபெட்ஸ் 1994இல் 135 வில்லைகளை அந்த ரேகை நெடுகத் தரையில் பதித்தார். லூவ்ர் முற்றம், லுக்சம்பூர் தோட்டம், வானாய்வகம் வழியாகத் தெற்கே பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பு வரை இந்தக் கோடு போகிறது. இந்திய மாணவர் இல்லமும் இருக்கும் வளாகம் அது. அங்கே தங்கிப் படிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஞாயிற்றுக்கிழமை நடை கிடையாது. பல வில்லைகள் காணாமல் போய்விட்டன, சிலவற்றின் மேல் புதுத் தளம் போட்டுவிட்டார்கள். ஆகவே அடுத்தது கண்ணில் படாவிட்டால் நின்று தேடாமல், கடைசியாகப் பார்த்த வில்லையின் தெற்கு எழுத்துக் காட்டிய திசையிலேயே போங்கள்.

ஒரு நடை: ஆற்றிலிருந்து லா சப்பல் வரை

மேலே சொன்ன எல்லாமே ஒரே நேர்கோட்டில் பார்க்கக் கிடைக்கும் வழி ஒன்று உண்டு. மூன்று கிலோமீட்டர்தான். நிற்காமல் நடந்தால் முக்கால் மணி நேரம். பார்த்துப் போக மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

போன் ஓ ஷான்ஜ் பாலத்தில் ஆற்றைப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பி, ஷாத்தலே சதுக்கத்தைக் கடந்தால் ரூ சேன் தெனி. சேன் தெனி பேராலயத்தை நோக்கிப் போகும் பழைய ராஜபாட்டை இது. பிரெஞ்சு மன்னர்களில் பெரும்பாலோர் புதைக்கப்பட்டது அந்த ஆலயத்தில்தான். ஆற்றுக்குக் குறுக்கான தெரு, ஆகவே எண் சின்னதிலிருந்து தொடங்கும், இரட்டை எண்கள் வலக்கையில். சற்று தூரத்தில் இடப்பக்கம் ஒரு திறந்த சதுக்கத்தில் 1549இல் கட்டிய இன்னோசன் நீரூற்று. அந்த இடம் நூற்றாண்டுகளாக இடுகாடு. 1780இல் மூடி, 1786 முதல் எலும்புகளைத் தெற்கே கைவிட்ட கல்சுரங்கங்களுக்கு மாற்றினார்கள். இன்று கத்தகோம்ப் எனப்படுவது அந்தச் சுரங்கங்கள்தான்.

145ஆம் எண்ணில் இடப்பக்கம் பாசாஜ் து கிரான் செர்ஃப். உயரமான கண்ணாடிக் கூரை, இரும்புச் சட்டம். ஞாயிறன்று பூட்டியிருக்கும், ஆகவே சனிக்கிழமை போங்கள். மேலே 237இல் பாசாஜ் து கேர், துணி மொத்த வியாபாரம். கடை அலங்காரப் பொம்மைகள் நிறைந்திருக்கும். 200ஐத் தாண்டிய பகுதி பாலியல் தொழிலுக்கு நெடுநாளாகப் பெயர் போனது. பகலில் குடும்பமாகப் போவதில் ஆபத்தில்லை. யாரையும் படம் எடுக்காதீர்கள்.

தெரு முடிவில் போர்த் சேன் தெனி, 1672இல் எழுப்பிய வெற்றி வளைவு. இதுதான் உள் வளையம். இங்கே நின்றால் மதில் இருந்த கோட்டில் நிற்கிறீர்கள். இடப்பக்கம் ரூ த கிளேரிக்குள் சில நிமிடம் திரும்பினால் பாரிஸின் மிகக் குட்டித் தெருவான ரூ தே தெக்ரே. 5.75 மீட்டர், 14 படி, வேறொன்றும் இல்லை.

வளைவைத் தாண்டியதும் தெருவின் பெயர் ரூ து ஃபோபூர் சேன் தெனி, எண் மறுபடி 1. 'ஃபோபூர்' என்றால் மதிலுக்கு வெளியே இருந்த புறநகர். ஒரே நேர்க்கோட்டுச் சாலையில் எண் ஏன் திடீரென்று ஒன்றுக்கு விழுகிறது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இந்த வளைவுதான். விலாசத்தில் ஃபோபூர் என்ற சொல்லைத் தவறவிட்டால் சேரவேண்டிய இடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுவீர்கள்.

46ஆம் எண், வலப்பக்கம், பாசாஜ் பிராடி. 1828இல் கட்டியது, 1970களிலிருந்து தெற்காசிய உணவகங்களும் மசாலாக் கடைகளும் வந்த இடம். அதைத் தாண்டிச் சற்று தூரத்தில் புல்வார் மஜென்தா சாய்வாக வெட்டுகிறது. இங்கேதான் பலர் அகலமான சாலையை நம்பி அதில் திரும்பி வழி தவறுவார்கள். குறுகலான தெருவை விடாதீர்கள், நேரே போங்கள். வலப்பக்கம் சற்று உள்ளே கார் த லெஸ்த், இடப்பக்கம் கார் து நோர், இரண்டு பெரிய ரயில் நிலையங்களுக்கு நடுவே தெரு ஏறுகிறது. இந்தப் பகுதியில் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். காவல்துறை அடையாளச் சோதனையும் நடக்கும். வெளிநாட்டவர் வசிப்பு அனுமதியைக் காட்டும் நிலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

ஃபெர்னான் விதால் மருத்துவமனை 200ஆம் எண். அதைக் கடந்ததும் பலகைகளில் தமிழ் வந்துவிடும். ரூ காயி, ரூ பெர்தோனே, பிரதான தெரு மூன்றிலும் 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைகள்: புடவை, நகை, மளிகை, கல்யாண அழைப்பிதழ் அச்சகம், வெற்றிலை, முருங்கைக்காய். ஞாயிற்றுக்கிழமை ஊரே அடைத்துக் கிடக்கும்போதும் இங்கே பெரும்பாலும் திறந்திருக்கும். மீன் ரோல்ஸும் உளுந்து வடையும் நின்றபடி சாப்பிடலாம். உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிட மத்தியானக் கூட்டத்துக்கு முன் போவது நல்லது.

தெரு முடியும் இடத்தில் தலைக்கு மேல் மெட்ரோ 2. நடு வளையம் வந்துவிட்டது. 1860 வரை இந்தக் கோட்டுக்கு அப்பால் லா சப்பல் தனி ஊர்; அதனால்தான் சாலை நேரே போனாலும் பெயர் மாறுகிறது. மேம்பாலத்துக்கு அடியில் கடந்தால் ரூ பாஜோல், அங்கே 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசியையொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் இந்தத் தெருக்களில் வரும். அன்று சாலையெங்கும் குவித்து வைத்த தேங்காய்களை உடைப்பார்கள். இளநீரும் ஓடும் சேர்ந்து தளம் வழுக்கும், பின்பட்டி உள்ள காலணி போட்டுக்கொண்டு போங்கள். அருகிலுள்ள நிலைய வாசல்களில் நெரிசல் மிகுந்திருக்கும், ஒரு நிலையம் முன்னதாகவே இறங்கி நடப்பது நல்லது.

களைத்துவிட்டால் பேருந்தில் திரும்பலாம். 2025 ஜனவரி முதல் பேருந்துச் சீட்டும் மெட்ரோ சீட்டும் வெவ்வேறு. ஒன்றை வைத்து மற்றதில் ஏற முடியாது. கால் இன்னும் தாங்கும் என்றால் வந்த வழியே இறங்குங்கள். இந்த முறை இரட்டை எண்கள் இடக்கைப் பக்கம் இருக்கட்டும். எண் குறைந்து 1 ஆகும்போது வளைவு, மறுபடி குறைந்து 1 ஆகும்போது ஆறு.